‘அவன்’ என்று சொன்ன நாலு வாரம்

2014இல் என்னிடம் வந்த ஒரு பெண், தான் காதலிக்கும் ஆளைப் பற்றி நாலு வாரம் பேசினாள். திருச்சியில் ஒரு அறை வாடகைக்கு எடுத்து நான் தனியாக மனநல ஆலோசனை கொடுக்கத் தொடங்கி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளுக்கு 24 வயது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் கணக்கு தப்பிக்கொண்டே இருக்கிறது. காதல் விஷயம் என்று புரிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, “பையன் என்ன பண்றான்?” அவள் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், “ஐடியில இருக்கான் மேடம்” என்றாள்.

நாலு வாரமும் அந்தப் பையனைப் பற்றித்தான் பேச்சு. அவன் வீட்டில் வந்து பெண் கேட்க மாட்டேன் என்கிறான், இருவருமாக வெளியூர் போய்விடலாம் என்கிறான், சில நாள் பேசாமலே இருக்கிறான். நான் என் பங்குக்கு, அவன் ஏன் உங்கள் அப்பாவிடம் நேரில் வந்து பேசக் கூடாது, பொறுப்பு இல்லாத ஆளோ என்று யோசித்தீர்களா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது வாரம் ஒரு சண்டையைப் பற்றிச் சொல்லும்போது பேச்சு வேகம் பிடித்துவிட்டது. “நான் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன் மேடம், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாடியே வந்தா” என்றாள். உடனே நிறுத்திவிட்டாள்.

நம் பேச்சுத் தமிழில் ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தாள்’ என்பதற்கும் நடுவில் இருப்பது மூக்கில் ஒலிக்கும் ஒரு சிறு ஒலி மட்டும். அந்த ஒலியை ஒவ்வொரு வினைச்சொல்லின் கடைசியிலும் மறக்காமல் சேர்த்துச் சேர்த்து நாலு வாரம் அவள் என் முன்னால் பேசியிருக்கிறாள். போனான், சொன்னான், சிரிச்சான், அழுதான். எவ்வளவு களைப்பாக இருந்திருக்கும் என்று இப்போது எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது. அவள் தூங்க வழி தேடி வந்தவள். என் அறையிலும் அவளைக் காவல் காக்க வைத்திருந்தேன்.

அன்றைக்கு நான், “வந்தாங்களா, அப்புறம்?” என்று கேட்டேன். தெரிந்து கேட்டதில்லை, வாயில் வந்தது அது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “மேடம், எல்லாத்தையும் முதல்ல இருந்து சொல்லட்டுமா?” என்றாள். சொன்னாள். சம்பவங்கள் எல்லாம் நான் ஏற்கெனவே கேட்டவைதான். ஆனால் ‘பெண் கேட்க வர மாட்டேன் என்கிறான்’ என்பது வேறு கதையாகிவிட்டது. எந்த வீட்டு வாசலில் போய் எந்த முறையில் அந்தப் பெண் கேட்பாள்? நான் நாலு வாரம் கொடுத்த யோசனை ஒன்றுகூட அவளுக்கு உதவியிருக்காது. அவள் நேசித்த ஆளைப் பொறுப்பற்ற ஆள் என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

அந்த நாளுக்குப் பிறகு யாரிடமும் நான் ‘பையன்’ என்று தொடங்குவதில்லை. “மனசுக்கு நெருக்கமானவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்கிறேன். அவங்க, வந்தாங்க, சொன்னாங்க. ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காத, மரியாதையும் குறையாத ஒரு வடிவம் நம் மொழியில் தயாராக இருக்கிறது. ஆலோசனை அறைக்கென்றே யாரோ செய்து வைத்த மாதிரி. பால் தெரிய வேண்டிய நேரம் வரும்போது, எதிரில் இருப்பவரே அதைச் சொல்லிக்கொள்வார்.

(இங்கே நான் சொல்லும் யாரையும் அடையாளம் காண முடியாதபடி ஊர், வயது, வேலை எல்லாம் மாற்றியிருக்கிறேன். சில இடங்களில் இரண்டு பேரின் கதையை ஒன்றாக்கியிருக்கிறேன்.)

என் தவறுக்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை. எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, நானும் தேடிப் படிக்கவில்லை. நான் முதுகலை உளவியல் படித்தபோது கையில் இருந்த பழைய புத்தகத்தில் ‘பிறழ்வுகள்’ என்ற அத்தியாயத்துக்குள் தன்பாலீர்ப்பு, அதாவது தன் பாலினத்தவர் மேலேயே வரும் காதல், கிடந்தது. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1973இலேயே தன் நோய்ப் பட்டியலில் இருந்து இதை எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் எடுத்தது. எங்கள் வகுப்பில் அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போனோம், தேர்வுக்கு வராது என்பதால். இந்திய உளமருத்துவர் சங்கம் இது நோய் இல்லை என்று 2018இல் வெளிப்படையாகச் சொன்னது. அதே வருடம் செப்டம்பர் 6ஆம் தேதி, தன்பாலின உறவைக் குற்றமாக வைத்திருந்த 377ஆவது பிரிவு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, அந்த உறவு இனிக் குற்றமில்லை என்று. அன்று மாலை எனக்கு அந்த 24 வயதுப் பெண்ணின் ஞாபகம்தான் வந்தது. அவளுக்கு அந்தப் பிரிவைப் பற்றிப் பெரிய பயம் இருந்ததாக நினைவில்லை. அவள் பயந்தது அப்பாவுக்கும், ‘என் மகளைக் காணவில்லை’ என்று அவர் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கப்போகும் புகாருக்கும்.

பெண்களின் விஷயத்தில் இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பெண்கள் கைகோத்து நடந்தால் நம் ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரே பாயில் படுத்தாலும் ‘தோழிங்கதானே’ என்பார்கள். வெளியில் இருந்து பார்த்தால் வசதியாகத் தெரியும். ஆனால் அந்த வசதிக்குள் அவர்கள் இருப்பதையே யாரும் நம்ப மாட்டார்கள், அவர்களே கூடப் பல வருடம் நம்ப மாட்டார்கள். “எல்லாப் பொண்ணுங்களுக்கும் இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்” என்று என்னிடம் மூன்று பேராவது சொல்லியிருக்கிறார்கள். வரன் பார்க்கத் தொடங்கும் நாள் வரை அப்படியே ஓடும். வீட்டுக்கு விஷயம் தெரிந்துவிட்டால், அவர்கள் கையில் இருக்கும் ஒரே மருந்து கல்யாணம். மந்திரிப்பது, தாயத்து, தோஷ பரிகாரம், தூங்க வைக்கும் மாத்திரை எல்லாம் அதற்கு முன் நடக்கும் சில்லறை வேலைகள். கடைசியில் தேதி குறித்துவிடுவார்கள். அதனால் ஒரு தன்பாலீர்ப்புள்ள இளம்பெண் என் முன்னால் உட்காரும்போது நான் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, இவளுக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்பதுதான்.

போன வருடம் ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடவே சித்தப்பா. அம்மா உட்காருவதற்குள்ளேயே, “கொஞ்சம் புத்தி சொல்லி அனுப்புங்க மேடம்” என்றார். மகளுக்கு 23 வயது, படிப்பு முடித்து வீட்டில் இருக்கிறாள். போன் சித்தப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. படிவத்தில் ‘வந்த காரணம்’ என்ற இடத்தில் சித்தப்பாவே எழுதினார்: ‘கல்யாணம் வேண்டாம் என்கிறாள். கெட்ட சகவாசம்.’

பெரியவர்களை வெளியே உட்கார வைப்பதற்கே பத்து நிமிடம் ஆனது. கதவைச் சாத்தியதும் அவள் கேட்டாள்: “நான் சொல்றதை அவங்ககிட்ட சொல்லுவீங்களா?” இந்தப் பெண்கள் எல்லோரும் ஏதோ ஒரு வடிவத்தில் இதைக் கேட்பார்கள். ‘சொல்ல மாட்டேன்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடக் கூடாது. நான் விளக்கமாகச் சொல்வேன். நீங்கள் 18 வயது தாண்டியவர். பணம் யார் கட்டினாலும் இந்த அறையில் நான் வேலை செய்வது உங்களுக்காகத்தான். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் மட்டும் மூன்றாவது ஆளிடம் பேச வேண்டி வரும், அப்போதும் முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான். குறிப்பேட்டில் என்ன எழுதுகிறேன் என்று நீங்கள் பார்க்கலாம். வெளியே போனதும் உங்கள் அம்மா ‘என்ன சொன்னா’ என்று கேட்பார், அப்போது நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை நாம் இருவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி வரிக்குத்தான் அவள் முகம் கொஞ்சம் இளகியது.

அவள் ‘லெஸ்பியன்’ என்ற சொல்லை அன்று சொல்லவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. “நான் அப்படித்தான் மேடம்” என்றாள். சரி, அப்படித்தான். பெயர் அவளுடையது, அவள் வைக்கட்டும். ‘ஓரினச்சேர்க்கை’ என்று மட்டும் நான் சொல்வதில்லை. அந்தச் சொல்லில் படுக்கை மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி யார் கையால் காபி குடிப்பது, யாரிடம் முதலில் நல்ல செய்தி சொல்வது என்பது மாதிரியான விஷயங்கள். தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் (பாலினத்திலோ ஈர்ப்பிலோ வழக்கமான வகைக்குள் அடங்காதவர்கள்) என்ற சொற்கள் இப்போது பத்திரிகையிலும் வருகின்றன. 2022இல் தமிழ்நாடு அரசே ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் வழக்கை ஆலோசனை வேலை செய்யும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள், 22ம் 20ம் வயது, வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேடியது. அவர்கள் பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயத்தில் முழுப் புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் வித்யா தினகரனிடம் நேரம் கேட்டு வாங்கி உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதைத் தீர்ப்பிலும் எழுதினார். 2021 ஜூன் 7ஆம் தேதி வந்த அந்த உத்தரவில்தான் பாலீர்ப்பை ‘மாற்றும் சிகிச்சை’க்குத் தடை வந்தது. ஒரு உயர் நீதிமன்ற நீதிபதி எனக்குத் தெரியாது என்று எழுதியதைப் படித்தபோது, என் நாலு வாரத்தை நான் யாரிடமும் சொல்லாமல் ஏழு வருடம் வைத்திருந்தது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் முறையாகப் பயிற்சிக்குப் போனது அதற்கப்புறம்தான்.

அந்த வழக்கில் பெற்றோரோடும் ஆலோசனை நடந்தது. மகள்கள் இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிடக் கடைசி வரை தனியாகவே இருந்துவிட்டால் கௌரவம் என்று அவர்கள் நினைத்ததாகத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. அந்த இடத்தைப் படித்துவிட்டுத் தீர்ப்பை மூடி வைத்துவிட்டேன். என் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கும் அம்மாக்கள் சொல்வதும் அதையேதான்.

தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் இந்த ‘மாற்றும் சிகிச்சை’யைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அது டாக்டர்களுக்கு. ‘கவுன்சலிங்’ என்று பலகை மாட்டியிருக்கும் எல்லோரையும் அது கட்டுப்படுத்தாது. அதனால்தான் ‘கவுன்சலிங்’ என்ற நம் சொல்லே ஆபத்தாகிவிட்டது. பெற்றோர் பிடித்து வைத்திருக்கும் பெண்ணைக் கோர்ட்டில் நிறுத்தினால், ‘கவுன்சலிங்குக்கு அனுப்புங்கள்’ என்று உத்தரவு போடுவது வழக்கமாகவே இருந்தது. அந்த ஒரு வாரம், பத்து நாளில் பெண்ணின் மனசு மாறிவிடும், அல்லது மாற்றிவிடலாம். 2024 மார்ச் மாதம் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் பாலீர்ப்பையோ அடையாளத்தையோ மாற்றும் நோக்கத்தில் கவுன்சலிங்குக்கு அனுப்பக் கூடாது என்று எல்லா நீதிமன்றங்களுக்கும் வழிகாட்டுதல் கொடுத்தது. யாருடைய கையிலிருந்து காப்பாற்ற அந்த வழிகாட்டுதல் தேவைப்பட்டது என்று யோசித்தால், அந்தப் பட்டியலில் என் தொழில் செய்கிறவர்களும் இருக்கிறோம்.

சரி, அந்த 23 வயதுப் பெண்ணிடம் வருகிறேன். அவளுக்கு ஏழு வாரம் இருந்தது. மண்டபம் பேசி முடித்திருந்தார்கள்.

‘உன் மனதை ஏற்றுக்கொள்’ என்று உட்கார வைத்துப் பேசுவதற்கான நேரம் அது இல்லை. தன் மனதைப் பற்றி அவளுக்கு நல்ல தெளிவு இருந்தது. நாங்கள் பேசியது வேறு. அடிக்கிறார்களா? அறையைப் பூட்டுகிறார்களா? ராத்திரி உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா? (தோன்றியது. இதை நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை.) ஆதார், மதிப்பெண் பட்டியல், பேங்க் பாஸ்புக் யாரிடம் இருக்கின்றன? கையில் சொந்தக் காசு எவ்வளவு? உறவில் ஒரே ஒரு ஆளாவது, பாட்டியோ மாமாவோ அத்தை மகளோ, உனக்காகப் பேசுவாரா? போன் இல்லாமல் என்னை எப்படிக் கூப்பிடுவாய்? அடுத்த முறை வருவதை ஞாபகப்படுத்த நான் அனுப்பும் குறுஞ்செய்தி சித்தப்பா பைக்குத்தான் போகும், அதனால் அதை நிறுத்தினேன்.

வீட்டைவிட்டுப் போ என்று நான் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. போனால் என்ன, இருந்தால் என்ன, அம்மாவிடம் முழுவதும் சொன்னால் என்ன, சொல்லாமல் ‘வேலைக்குப் போய்விட்டு ஒரு வருடம் கழித்து’ என்று நேரம் வாங்கினால் என்ன என்று ஒவ்வொன்றையும் நடத்திப் பார்த்தோம். எல்லோரும் எல்லோரிடமும் உடைத்துச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஒரு எண்ணம் இப்போது பரவியிருக்கிறது. பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் பெண்ணிடம் அதைத் தைரியம் என்று நான் விற்க மாட்டேன். அவள் நேரம் வாங்குவதைத் தேர்ந்தெடுத்தாள்.

என்னால் தர முடியாத ஒன்றும் இருந்தது. “உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, குழந்தை இருக்கு. உங்களுக்கு எப்படி மேடம் புரியும்?” என்று ஒருநாள் கேட்டாள். முழுசாகப் புரியாது என்றேன். அவளுக்குத் தேவைப்பட்டது, தன்னைப் போல 23 வயதைத் தாண்டி வந்து, வாடகை கட்டி, காய்கறி வாங்கி, சண்டை போட்டு, சேர்ந்து வாழ்கிற ஒரு பெண்ணின் குரல். சென்னையில் ‘ஓரினம்’ மாதிரியான அமைப்புகளில் அந்தக் குரல்கள் இருக்கின்றன. அறிமுகம் செய்து வைத்தேன். ஒரு மணிநேரப் பேச்சுக்குப் பிறகு அவள் வந்து உட்கார்ந்த விதமே வேறாக இருந்தது.

இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வேறொரு ஊரில் ஒரு ஆலோசகரிடம் தூக்கமின்மைக்காகப் போன பெண், தான் லெஸ்பியன் என்று ஒரு வார்த்தை சொன்னதும், அடுத்த ஆறு வாரமும் அதைப் பற்றியே கேட்கப்பட்டிருக்கிறாள். எப்போது தெரிந்தது, எப்படித் தெரிந்தது, சின்ன வயதில் யாராவது தொட்டார்களா என்று. அவளுடைய உண்மையான பிரச்சினை இரவு ஷிப்ட் வேலையும் அதிலிருந்த மேலதிகாரியும். அவளுடைய காதல் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

இன்னொருவரைப் பற்றியும் எழுத வேண்டும். 41 வயது, கணவர், இரண்டு பிள்ளைகள். தலைவலி என்று வந்தார். பல வாரம் கழித்து, கல்லூரிக் காலத் தோழி ஒருவர் இறந்துபோன விஷயத்தைச் சொன்னார். இருபது வருடம் வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசியவர்கள். “தோழி செத்ததுக்கு மூணு நாள் அழலாம் மேடம். மூணு வருஷம் அழுதா வீட்ல என்னன்னு சொல்றது?” என்றார். அவர் எந்தப் பெயரையும் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை, குடும்பத்தை விட்டு வரவும் நினைக்கவில்லை. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். விதவைக்குத் துக்கம் கேட்கிற மாதிரி அவரிடம் கேட்டேன். கடைசியாக எப்போது பார்த்தீர்கள், என்ன உடுத்தியிருந்தார், முகத்தைப் பார்க்க விட்டார்களா என்று. அவர் அழுத அழுகையில் பக்கத்து அறையில் இருந்தவர் கதவைத் தட்டினார். தலைவலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

அம்மாக்களிடம் வருகிறேன். மகளைப் பார்க்கும் நாளில் அம்மாவையும் அதே அறையில் உட்கார வைப்பதில்லை. தனி நாள், தனி நேரம். அம்மாவின் துக்கம் உண்மையானது. ஆனால் அதைத் துடைக்கிற வேலையை மகள் தலையில் வைக்க முடியாது. அந்த 23 வயதுப் பெண்ணின் அம்மா முதலில் கேட்டது, “நான் எங்க தப்புப் பண்ணேன்?” எங்கேயும் இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. இதில் தப்பு என்ற ஒன்று இருந்தால்தானே உங்கள் தப்பு எது என்று தேட முடியும் என்றேன். அதுவும் ஏறவில்லை. அப்புறம் சின்ன மகளின் கல்யாணம், ஊர், கோயில் வரி, சித்தப்பாவின் கோபம் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “வயசான காலத்துல இவளை யாரு மேடம் பாத்துப்பா?”

இது நியாயமான கேள்வி, ‘காலம் மாறிவிட்டது’ என்று சொல்லி மழுப்பக் கூடாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமண உரிமையை ஏற்கவில்லை. அதை அப்படியே சொன்னேன். 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம், இப்படிச் சேர்ந்து வாழ்பவர்கள் பேங்கில் ஜாயின்ட் அக்கவுண்ட் தொடங்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடை இல்லை என்று தெளிவுபடுத்தியதைச் சொன்னேன். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணைத் தன் விருப்பப்படி போக விட்டபோது, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்று இல்லை என எழுதியதையும் சொன்னேன். தீர்ப்புகள் அவரை அசைக்கவில்லை. நாமினி என்ற சொல்லில் நின்றார். அவர் பத்து வருடமாக மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர். “நாமினியாப் போடலாமா? கவர்ன்மென்ட்டே சொல்லிருச்சா?” என்று இரண்டு முறை கேட்டார்.

கல்யாணம் நின்றது. மண்டப முன்பணம் போனது, சித்தப்பா பேசுவதில்லை. மகள் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். தான் நேசிக்கும் பெண்ணைப் பற்றி அம்மாவிடம் இன்னும் முழுதாகப் பேச்சில்லை, அவள் வாங்கிய ஒரு வருடமும் முடியப்போகிறது. ‘புத்தி சொல்லுங்க’ என்று கேட்பதை அம்மா எப்போது விட்டார் என்று எனக்குச் சரியாக நினைவில்லை.

போன மாதம் அவர் தனியாகப் பஸ் ஏறி வந்தார். மகள் வரவில்லையா என்றேன். இல்லை, தனக்குத்தான் ராத்திரி தூக்கம் வருவதில்லை என்றார். படிவத்தைக் கொடுத்தேன். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். “நான் சொல்றதை அவகிட்ட சொல்லுவீங்களா மேடம்?” என்று கேட்டார்.